மூக்கு கனத்தா வாலுக்குத் தான் தண்டனை

ஆர்சி (ரேடியோ கன்ட்ரோல்) பிளேன் பக்கம்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்களைப் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே சங்கதி தான், பெரிய எஞ்சின் போடலாமா அண்ணே, போட்டுட்டேன் அண்ணே, போட்டேன் பிச்சுக்கிச்சு அண்ணே. அதனால இந்த தடவை வேற எதுவும் எடுக்கல, ரேடியோ செட்டிங் பத்தி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் சொல்றேன்.

கேள்வி: அண்ணே, எங்கிட்ட 40 சைஸ் ஏரோபாட்டிக் பிளேன் ஒண்ணு இருக்கு, பால்சா கட்டுமானம், இறக்கை நீளம் 1.4 மீட்டர், டேங்க் காலியா இருக்கும்போது எடை 2.4 கிலோ. 46 டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 11க்கு 6 ப்ராப் (11 இன்ச் ப்ரொப்பெல்லர்) போட்டிருக்கேன். லூப் போட்டா மேல போய் தொங்குது, செங்குத்தா ஏத்துனா ரெண்டு தென்னை மர உயரம் போறதுக்குள்ள மூச்சு வாங்குது. பிரெண்டு வீட்ல 91 டூ ஸ்ட்ரோக் ஒண்ணு சும்மா தூங்குது, எடுத்துக்கடான்னுட்டான். சைலன்சரோட எடை போட்டேன், என்னுது 490 கிராம், அவனுது 720. வெறும் 230 கிராம் தானே கூட, போட்டுடலாமா? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: ஓசில கிடைச்சா பினாயில கூட குடிப்பாங்கன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க தம்பி, அந்த கதை தான் இது. 40 சைஸ் பிளேன்னா 40 நம்பர் எஞ்சின் கணக்குக்கு கட்டினது. 46ன்னா எஞ்சின் கொள்ளளவு 0.46 கன அங்குலம், நம்ம கணக்குல 7.5 சிசி. 91ன்னா 15 சிசி. அதாவது நீ கொஞ்சம் பெரிய எஞ்சின் போடல, அப்படியே ரெண்டு மடங்கு போடுற. பக்கத்துலயே திருவொற்றியூர்ல 1950கள்ல இருந்து புல்லட் செஞ்சாங்க, நமக்கு தெரியாததா, அந்த புல்லட் எஞ்சினைக் கொண்டு போய் டிவிஎஸ் 50ல மாட்டுனா வண்டி ஓடும், ஓடாதுன்னு சொல்லல, ஆனா பிரேக்கும் போர்க்கும் டிவிஎஸ்ஸோடது தானே?

சரி, உன் 230 கிராமுக்கு வருவோம். அது 230 கிராம் கிடையாது. 91க்கு பெரிய மவுண்ட் வேணும், 13 இல்லன்னா 14 இன்ச் ப்ராப் வேணும், பெரிய ஸ்பின்னர் வேணும், எல்லாம் சேர்த்து மூக்குல ஒரு 290 கிராம் கூடுதுன்னு வை. இப்ப சிஜி, அதாவது பிளேன் எடை சமமா நிக்கற புள்ளி, முன்னாடி ஓடிடும், அதை பழைய இடத்துக்கு இழுக்கணும்னா வால்ல ஈயம் வைக்கணும். எவ்ளோன்னு கணக்கு போடறது ரொம்ப சிம்பிள், காத்தாடிக்கு சூத்திரம் கட்டத் தெரிஞ்ச பையனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. சிஜிலருந்து எஞ்சின் வரைக்கும் தூரம் அள, உன் சைஸ் பிளேன்ல ஒரு 26 சென்டிமீட்டர் வரும். சிஜிலருந்து வால் ஈயம் வைக்கிற இடம் வரைக்கும் அள, ஒரு 72 வரும். 290ஐ 26ஆல பெருக்கி 72ஆல வகுத்தா 105 கிராம். ஆக எஞ்சினுக்குன்னு நீ தூக்கப் போறது 230 இல்ல, 395 கிராம். 2.4 கிலோ பிளேன் 2.8 கிலோ ஆயிடுச்சு. பேட்டரியை, எலிவேட்டர் (மூக்கை ஏத்தி இறக்குற வால் மடிப்பு) ஆட்டற சர்வோ மோட்டாரை எல்லாம் வால் பக்கம் தள்ளினா ஈயத்தைக் குறைக்கலாம், அது நல்ல வேலை தான், ஆனா எஞ்சின் எடை எஞ்சின் எடை தான், அதை எங்கயும் தள்ள முடியாது.

இதுல இன்னொரு கஷ்டம் இருக்கு, அது தராசுல தெரியாது. மூக்குல ஒரு கனம், வால்ல ஒரு கனம்னா பிளேன் காவடி மாதிரி ஆயிடும். வெறும் கம்பை தோள்ல வெச்சு திரும்பிப் பாரு, அப்புறம் ரெண்டு முனையிலயும் தண்ணி குடம் கட்டிட்டு திரும்பிப் பாரு. திரும்ப ஆரம்பிக்கறதும் லேட்டு, ஆரம்பிச்சா நிக்கறதும் லேட்டு. ஏரோபாட்டிக் பிளேன்ல அது தான் உசுரு, சுழன்டுட்டே கீழ விழற ஸ்பின்னுலருந்து ஸ்டிக்க விட்ட உடனே வெளிய வரணும், படக்குனு உருள்ற ஸ்னாப் ரோல் கரெக்டா நிக்கணும். 91 போட்ட 40 சைஸ் பிளேன் ஸ்பின்னுக்குள்ள போனா இன்னும் அரை சுத்து, ஒரு சுத்துன்னு இழுத்துட்டே போகும், உயரம் இல்லன்னா கதை முடிஞ்சுது.

லேண்டிங் என்னாகும்னு யோசிச்சியா? ஸ்டால் வேகம், அதாவது இதுக்குக் கீழ போனா இறக்கை தூக்காதுங்கற வேகம், எடையோட வர்க்கமூலத்துல ஏறும். உன் பிளேன் இறக்கை சைஸுக்கு இப்ப கிட்டத்தட்ட 36 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டால் ஆகும்னா, 2.8 கிலோவுல 39க்கு போயிடும். மூணு கிலோமீட்டர் தானேன்னு தோணும், ஆனா தரையில மோதுற ஆற்றல் எடையும் வேகமும் சேர்ந்து ஏறுறதால 36 சதவீதம் கூடிடும். லேண்டிங் கியர் பலகை அதே பழைய 3 மில்லி ப்ளைவுட் தானே, அது யாருகிட்ட போய் அழும்? இதுல எஞ்சின் மேல ஆஃப் ஆயிட்டா கேக்கவே வேணாம், கல்லு மாதிரி வரும், வேகம் குறைச்சு மிதக்க விடலாம்னு நினைக்கும்போது தான் ஒரு இறக்கை சாயும்.

இப்ப நிஜமான ஆபத்து. பவர் கூடினா வேகம் அதே அளவு கூடாது, ஏன்னா காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதை ஜெயிக்கத் தேவையான பவர் வேகத்தோட மும்மடியில ஏறும். சிசி ரெண்டு மடங்குன்னாலும் பவர் 1.75 மடங்குன்னு வை, வேகம் சுமார் 1.2 மடங்கு தான். அட இவ்ளோ தானான்னு விட்டுடாதே, இறக்கை மேல காத்து அழுத்துறது 1.44 மடங்கு ஆயிடுச்சு. உன் பிளேன் 120 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப பதட்டத்துல எலிவேட்டரை முழுசா இழுத்தேன்னு வை, இறக்கை 26 கிலோ வரை தூக்கும், ஒரு 25 கிலோ அரிசி மூட்டை கணக்கு. அதையே 144ல இழுத்தா 37 கிலோ. இறக்கையை டிசைன் பண்ணவன் முதல் மூட்டைக்கு ஸ்பார் (இறக்கைக்குள்ள ஓடற முதுகெலும்புக் கட்டை) போட்டிருப்பான், அந்த ஒன்றரை மூட்டைக்கு யாரும் போட்டிருக்க மாட்டாங்க, நடுவுல ஜாயின்ட்ல படக்குனு சத்தம் வரும், ரெண்டு இறக்கையும் வணக்கம் போடும்.

அதுக்கும் முன்னாடி பிளட்டர் வந்துடும், அதாவது வேகத்துல இறக்கை, வால் மடிப்பு எல்லாம் தானா படபடன்னு அதிரும். இதை நானே பட்டேன், அதனால சொல்றேன். ஒரு இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி, மணலி பக்கம் பிட்டர் வேலை பார்த்துட்டு இருந்தப்ப, 40 சைஸ் பிளேன்ல 61 போட்டேன், 91 கூட இல்ல வெறும் 61. மேல ஏறும்போது சும்மா ராக்கெட்டு மாதிரி இருந்துச்சு, கூட இருந்தவனுங்க எல்லாம் கை தட்டுனானுங்க, எனக்கு தலை கால் புரியல, த்ராட்டில் குறைக்காம அப்படியே கீழ டைவ் அடிச்சேன். டர்ர்ர்ர்னு ஒரு சத்தம், ரேஷன் கடை கோணிப்பையை கிழிக்கிற மாதிரி. எலிவேட்டர் ஒரு பக்கம் கழண்டு தனியா மிதந்து வருது, பிளேன் எண்ணூர் முகத்துவாரத்து சேத்துல மூக்கு வரைக்கும் சொருகிக்கிச்சு. அங்க கையால தடவி இறால் பிடிச்சிட்டு இருந்த அக்கா தான் எஞ்சினை எடுத்து கொடுத்தாங்க, என்னா தம்பி இது, மிக்ஸி மோட்டாரான்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து கழண்ட எலிவேட்டரைப் பார்த்தா காரணம் அசிங்கமா தெரியுது, எலிவேட்டரை ஆட்டற கம்பி மாட்டற கன்ட்ரோல் ஹார்ன் ஓட்டை பெருசாகி, கம்பி முனை க்ளிப்பு (க்ளெவிஸ்) லொட லொடன்னு ஆடுது. 46 போட்ட வரைக்கும் அந்த ஆட்டம் ஒண்ணும் பண்ணல. எஞ்சின் பெருசானதும் அதுவே எமன் ஆயிடுச்சு.

அப்ப உன் பிளேன் ஏன் மேல போகல? எஞ்சின் சின்னதுங்கறதால இல்லன்னு எனக்கு சந்தேகம். முதல்ல ஒரு வேலை பண்ணு, மீன் கடையில வெச்சிருப்பாங்களே ஸ்பிரிங் தராசு, கொக்கி போட்டது, அதை ஒண்ணு வாங்கு. வால் பக்கம் கயிறு கட்டி தராசுல மாட்டி, தராசை ஒரு கனமான கட்டையில கட்டி, பிரெண்டை ஒருத்தனை இறக்கைக்குப் பின்னாடி பிடிக்கச் சொல்லிட்டு முழு த்ராட்டில் கொடு. ப்ராப்புக்கு நேர் பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. முள்ளு 2.4 கிலோவுக்கு கீழ நின்னா செங்குத்தா நிக்க வாய்ப்பே இல்ல, அதுக்கு மேல முப்பது சதவீதம் இழுத்தா தாராளமா மேல போகும். நல்ல நிலைமையில இருக்கற 46 இந்த எடையைத் தாண்டி இழுக்கணும், இழுக்கலைன்னா நோய் எஞ்சின்ல இருக்கு.

பாதி நோய் எரிபொருள்ல இருக்கும். க்ளோ எரிபொருள்ல முக்கால்வாசி மெத்தனால், அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சிட்டே இருக்கும், நீ இருக்கறது கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி. கேன் மூடியை லூசா விட்டு ஒரு மாசம் வெச்சா எஞ்சின் இருமத் தான் செய்யும். அடுத்து க்ளோ பிளக், அதுல இருக்கற பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் மேல மெத்தனால் ஆவி பட்டா தான் அது அணையாம கனகனன்னு இருக்கும், கம்பி மேல அழுக்கு ஏறி வெளுத்துப் போயிட்டா ஸ்டார்ட் பண்ண பிளக்ல மாட்டுன பேட்டரியை எடுத்த உடனே ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) இறங்கும். அந்த சோதனை ரெண்டு நிமிஷ வேலை, பேட்டரியோட ஓட்டு, பேட்டரியைக் கழட்டு, சத்தம் இறங்குதான்னு கேளு. இறங்குச்சுன்னா பிளக்கை மாத்து. அப்புறம் நம்ம ஊர் வெயில், 35 டிகிரில காத்தோட அடர்த்தி 15 டிகிரில இருக்கறதை விட ஆறு ஏழு சதவீதம் கம்மி, எஞ்சினுக்கும் மூச்சு கம்மி, இறக்கைக்கும் பிடிப்பு கம்மி. மத்தியானம் ரெண்டு மணிக்கு பறக்கவிட்டுட்டு எஞ்சினைத் திட்டாதே, காலைல ஆறு மணிக்கு வா.

கடைசியா ப்ராப். 11க்கு 6ன்னா ஒரு சுத்துக்கு 6 இன்ச் முன்னாடி போகப் பார்க்கும், 12,000 ஆர்பிஎம்ல கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர் வேகத்துக்கான கியர் அது. உனக்கு வேண்டியது வேகமா ஏத்தமா? ஏத்தம்னா 12க்கு 4 போட்டுப் பாரு, 11,500 சுத்துனா வேகம் 70ல நிக்கும், ஆனா இழுவை கூடிடும், மேடு ஏறும்போது பைக்ல செகண்ட் கியர் போடற மாதிரி. நூறு ரூபாய்ல இல்லன்னாலும் சில நூறு ரூபாய்ல முடியற வேலை, இதுக்குப் போய் பிளேனை வெட்டப் பார்க்கறியே. 11க்கு 5 நடுவுல நிக்கும், பெரிய லூப் பிடிக்கும்னா அது.

இதெல்லாம் பண்ணியும் பத்தலைன்னா 55 போடு. ஓஎஸ் 46ஏஎக்ஸ் வெச்சிருந்தேன்னா அதே மவுண்ட் ஓட்டைல 55ஏஎக்ஸ் உக்காந்துடும், எடை ஒரு முப்பது கிராம் கிட்ட தான் கூடும், வால்ல ஈயமே வேணாம், பேட்டரியை ரெண்டு விரக்கடை பின்னாடி தள்ளினா போதும். 91ஐ திருப்பிக் கொடுத்துடாதே, துடைச்சு எண்ணெய் விட்டு வை, அதுக்குன்னு 90 சைஸ் பிளேன் ஒண்ணு கட்டு. எஞ்சினுக்கு பிளேன் கட்டறது வேற, பிளேனுக்குள்ள எஞ்சினைத் திணிக்கறது வேற.

கேள்வி: போர் ஸ்ட்ரோக் 70 எஞ்சினை 40 சைஸ் பிளேன்ல போட்டிருக்கேன். கிளப்ல ஒருத்தர் ஓவர்சைஸ், ஆபத்துன்னு பயமுறுத்தறார். கழட்டணுமா? (காசிமேடு வாசகர்)

பதில்: கழட்டாதே. நம்பரைப் பார்த்து பயப்படறாரு அவரு. போர் ஸ்ட்ரோக் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தான் வெடிக்கும், டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுத்துக்கும் வெடிக்கும், அதனால 70 போர் ஸ்ட்ரோக் ஏறக்குறைய 46 டூ ஸ்ட்ரோக்குக்கு சமம்னு தான் பிளான்லயே போட்டிருப்பாங்க. உலக அளவு எஃப்3ஏ (ஆர்சி ஏரோபாட்டிக்) போட்டிலயே ஒரு காலத்துல டூ ஸ்ட்ரோக்குக்கு 10 சிசி, போர் ஸ்ட்ரோக்குக்கு 20 சிசின்னு தனித்தனியா எல்லை வெச்சிருந்தாங்க, சும்மாவா வெச்சாங்க. கம்மி ஆர்பிஎம்ல பெரிய ப்ராப்பை சுத்தும், ஏரோபாட்டிக்ஸுக்கு அது இன்னும் நல்லது. எடை மட்டும் 46ஐ விட கூட இருக்கும், சிஜி பார்த்துட்டியான்னு கேக்கறேன், அவ்ளோ தான்.

அப்புறம் நீ காசிமேடுங்கற, உங்க பக்கத்துல பைபர் போட்ல பெரிய எஞ்சின் மாட்டி பின்பக்க பலகை விட்டுப் போன கதை நாலு பேராவது சொல்லுவாங்க, கேட்டுப் பாரு. பலகைக்கும் எஞ்சினுக்கும் உள்ள பஞ்சாயத்து கடல்லயும் அதே தான், வானத்துலயும் அதே தான்.

கேள்வி: 46 இருந்த இடத்துல 61 மாட்டினேன். பத்து ப்ளைட் நல்லா போச்சு, பதினொண்ணாவதுல லேண்ட் பண்ணி பார்த்தா பயர்வால் (எஞ்சின் மாட்டற மூக்குப் பலகை) ஒரு பக்கம் விட்டு நிக்குது, கையால ஆட்டினா ஆடுது. அஞ்சு நிமிஷ எபாக்ஸி ஊத்தி ஒட்டினேன், ரெண்டே ப்ளைட்ல திரும்ப விட்டுடுச்சு. (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: மேலயே கழண்டு விழாம லேண்ட் ஆச்சே, குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடை. மூக்குல அரை கிலோ எஞ்சின் திடீர்னு இல்லாம போனா மிச்ச பிளேன் வால் கனத்து பம்பரம் மாதிரி சுத்திட்டு வரும், ரேடியோவுல நீ ஒண்ணும் பண்ண முடியாது.

நீ ஒட்டினது மரத்துல இல்ல தம்பி, எண்ணெய்ல ஒட்டினே. விரிசல் விட்ட நாள்லருந்து விளக்கெண்ணெயும் மெத்தனாலும் உள்ள இறங்கி ப்ளைவுட் ஊறிப் போயிருக்கும், அது மேல எந்த எபாக்ஸியும் பிடிக்காது. முதல்ல பயர்வாலை முழுசா வெளிய எடு, அரைகுறையா விட்டுட்டு ஓரத்துல பசை தடவாதே. உடம்போட உள்பக்க மரத்துல அசிட்டோன் விட்டு பழைய பனியன் துணியால ஒத்தி எடு, டால்கம் பவுடர் தூவி ஹேர் டிரையர்ல சூடு காட்டு, பவுடர் எண்ணெயைக் குடிச்சு மஞ்சளா ஆகும், தட்டி விட்டுட்டு மறுபடி தூவு. நாலஞ்சு தடவை ஆகும், பொறுமை வேணும். பவுடர் வெள்ளையாவே நின்னா தான் அடுத்த வேலை. ரொம்ப ஊறி கருத்துப் போன இடத்தை வெட்டி எறிஞ்சுட்டு புது மரம் வை, வேற வழி இல்ல.

புது பயர்வால் 6 மில்லி பிர்ச் ப்ளைவுட்ல வெட்டு, கடையில அலமாரிக்கு விக்கிற ப்ளைவுட் வேணாம், உள்ள ஓட்டை இருக்கும். ஒட்டறதுக்கு ஒரு நாள் பூரா காய்ற எபாக்ஸி, அவசரப்படாதே. பின்பக்கம் நாலு மூலையிலயும் முக்கோணக் கட்டை ஒட்டு. காய்ஞ்ச அப்புறம் வெளிப்பக்கத்துலருந்து உடம்பு பலகை வழியா பயர்வால் ஓரத்துக்குள்ள 3 மில்லி ட்ரில் போட்டு மூங்கில் குச்சி எபாக்ஸில முக்கி இறக்கு, ஒரு பக்கத்துக்கு மூணு குச்சி. வெறும் பசை விடலாம், குச்சி இருந்தா விடாது. மேல முழுக்க எபாக்ஸியை லேசா சூடு பண்ணி தண்ணியா ஆக்கி ஒரு கோட் பூசிடு, டேங்க் பைப் போற ஓட்டை உள் ஓரத்துலயும் பூசு, எல்லாரும் மறக்கற இடம் அது தான்.

எஞ்சின் மவுண்ட் பின்னாடி பிளைண்ட் நட் (பலகை பின்பக்கம் பதிஞ்சு நிக்கற நட்) போட்டியா, இல்ல மர ஸ்க்ரூ தானா? மர ஸ்க்ரூன்னா நான் உங்கிட்ட பேசறதா இல்ல. ஒரு விஷயம் கேக்க மறந்துட்டேன், ப்ராப்பை பேலன்ஸ் பண்ணியா? ஒரு பக்கம் கனமான ப்ராப் 11,000 ஆர்பிஎம்ல சுத்தினா பயர்வாலை நிமிஷத்துக்கு பதினோராயிரம் தடவை யாரோ பிடிச்சு உலுக்கற மாதிரி தான், நீ எத்தனை குச்சி இறக்கினாலும் ஒரு நாள் விடும்.

கேள்வி: பெரிய எஞ்சின் மாத்தினதுலருந்து மூக்கைத் தூக்கினா ஆஃப் ஆகுது, தரையில நல்லா ஓடுது. பழைய டேங்க் தான். நீடில் (எரிபொருள் அளவை கூட்டிக் குறைக்கற திருகு) எவ்ளோ திருப்பினாலும் சரியாகல. (மணலி வாசகர்)

பதில்: நீடிலை விடு, பாவம் அது. பெரிய எஞ்சினோட கார்பரேட்டர் பழசை விட மேல இல்லன்னா கீழ வந்திருக்கும், ஆனா டேங்க் அதே உயரத்துலயே கிடக்கு. டேங்கோட நடுக்கோடு நீடிலுக்கு நேரா, இல்லன்னா ஒரு 5லருந்து 10 மில்லி கீழ இருக்கணும். ஒரு ஸ்கேலை வெச்சுப் பாரு, விஷயம் தெரிஞ்சிடும். சைலன்சர்லருந்து டேங்குக்கு பிரஷர் பைப் போகுதா, அதுல ஓட்டை இருக்கா, டேங்குக்குள்ள எரிபொருள் உறிஞ்சற பைப் முனையில இருக்கற கிளங்க் வெயிட் பின்பக்க சுவரைத் தொட்டு ஒட்டிக்கிச்சா, இதையும் பாரு. தரையிலயே பிளேனைத் தூக்கி மூக்கை மேல காட்டி முழு த்ராட்டில் கொடுத்து, ஆர்பிஎம் லேசா ஏறுனா நீடில் சரி, இறங்கினா எரிபொருள் பத்தல.

பெரிய டேங்க் போடணும்னா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ, 450 மில்லி எரிபொருள் கிட்டத்தட்ட 390 கிராம், அதுவும் சிஜிக்கு முன்னாடி உக்காந்திருக்கு. அதனால சிஜி பார்க்கும்போது டேங்க் காலியா இருக்கணும். புல் டேங்க்ல பார்த்து ஈயம் வெச்சவன் ப்ளைட் முடியற நேரத்துல வால் கனத்து திண்டாடுவான், சரியா லேண்டிங் நேரத்துல.

கவுலிங், அதான் எஞ்சினை மூடற மூக்கு உறை, வெட்டினியா? காத்து உள்ள வர்ற ஓட்டையை பெருசாக்கிட்டு வெளிய போற ஓட்டையை அப்படியே விடறது தான் எல்லாரும் பண்றது. வெளிய போற வழி உள்ள வர்றதை விட ரெண்டு மடங்காவது இருக்கணும், சூடான காத்து போக இடம் இல்லன்னா புதுசு எப்படி வரும்.

கேள்வி: எண்ணூர் பக்கம் காலி இடம் நிறைய இருக்கு, அங்க பறக்க விடலாமா? லைசென்ஸ் வேணுமா? (எண்ணூர் வாசகர்)

பதில்: காலி இடம் இருக்குங்கறதுக்காக பறக்க விட்டுட முடியாது. உன்னை சுத்தி என்ன இருக்குன்னு பாரு, அனல் மின் நிலையம், துறைமுகம், இந்தப் பக்கம் மணலி ரிஃபைனரி. முதல்ல அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை வெப்சைட்ல மேப் பாரு, சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு போட்டிருப்பாங்க, உன் இடம் எதுல வருதுன்னு பார்த்துட்டு தான் பிளேனை வண்டியில ஏத்தணும். பச்சையா இருந்தாக் கூட 120 மீட்டர் உயரம் தான்.

2021 ட்ரோன் விதிகள் நம்ம பொம்மை பிளேனுக்கும் சேர்த்து தான். பெரிய எஞ்சின் ஆசாமிங்க கவனிக்க வேண்டியது எடை. 250 கிராமுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ, 2 கிலோவைத் தாண்டி 25 வரைக்கும் ஸ்மால். வியாபாரத்துக்கு இல்லாம பொழுதுபோக்குக்குன்னா மைக்ரோ வரைக்கும் பைலட் சான்றிதழ் கேக்க மாட்டாங்க. 1.9 கிலோ பிளேன்ல ஆசையா பெரிய எஞ்சினும் வால் ஈயமும் ஏத்தி 2.2 ஆக்கினா நீ வேற வகைக்குப் போயிட்டே, அந்தப் பக்கம் சட்டமே வேற.

இன்னொண்ணு, அத்திப்பட்டுலருந்து கிளம்பற ஹை டென்ஷன் லைன் உங்க ஏரியா பூரா ஓடுது. பிளேன் அதுல மாட்டிக்கிச்சுன்னா விட்டுடு. எடுக்கப் போகாதே, கம்பு எடுத்துட்டும் போகாதே, மின்வாரியத்துக்கு போன் பண்ணு.

கேள்வி: ஐயா, என் மகன் காலேஜ் முதல் வருஷம். பிளேன் எஞ்சினுக்குன்னு அஞ்சு லிட்டர் கேன்ல ஏதோ ஸ்பிரிட் வாங்கிட்டு வந்து பால்கனியில வெச்சிருக்கான், வாசனை வருது. இப்போ பெரிய எஞ்சின் வேற கேக்கறான். வாங்கித் தரலாமா? (கொளத்தூர், ஒரு அம்மா)

பதில்: அம்மா, எஞ்சினை அப்புறம் பார்க்கலாம், முதல்ல அந்த கேன். அது மெத்தனால், விஷம். கொஞ்சம் உள்ள போனாலே கண்ணு போகும், உசுரும் போகும். 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சியில அறுபது பேருக்கு மேல செத்தாங்களே, சாராயத்துல கலந்தது இதைத் தான். பையன் எங்க வாங்கினான்னு கேளுங்க, தமிழ்நாட்டுல மெத்தனால் விக்கறதுக்கும் வெச்சுக்கறதுக்கும் லைசென்ஸ் விதி இருக்கு, யாரோ டிரம்முலருந்து ஊத்திக் கொடுத்ததா இருந்தா அது வேணாம். ஹாபி கடையில கலந்து சீல் பண்ணி விக்கிற எரிபொருள் சின்ன பாட்டிலா வாங்கட்டும், மேல விஷம்னு பெருசா தமிழ்ல எழுதி ஒட்டட்டும். தண்ணி பாட்டில்ல ஊத்தி வெக்கறது, கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வெக்கறது எதுவும் கூடாது. பால்கனியில வெயில் படும், பக்கத்துல கேஸ் சிலிண்டரோ சாமி விளக்கோ இருந்தா இன்னும் மோசம், மெத்தனால் தீ பகல்ல கண்ணுக்கே தெரியாது, கை வெச்ச அப்புறம் தான் தெரியும்.

பெரிய எஞ்சினுக்கு வருவோம். இப்ப இருக்கறது 11 இன்ச் ப்ராப்னு வைங்க, அதோட முனையே 12,000 ஆர்பிஎம்ல மணிக்கு 630 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது. பையன் விரலால ப்ராப் தட்டி ஸ்டார்ட் பண்றானா, ரப்பர் போட்ட குச்சியாலயா? நீங்களே ஒரு நாள் காலைல கூட போய் நின்னு பாருங்க, தள்ளி பின்பக்கமா நின்னு பாருங்கம்மா. குச்சியால தட்டி, ஸ்டார்ட் ஆன உடனே ப்ராப்புக்குப் பின்னாடி வந்து நின்னு நீடில் திருப்பினான்னா பையன் கவனமானவன் தான். முன்னாடி நின்னு ப்ராப்புக்கு மேல கையை நீட்டி திருப்பினான்னா எஞ்சினும் வேணாம், ஒண்ணும் வேணாம், அந்த காசுல பேட்டரி பிளேன் ஒண்ணு வாங்கிக் கொடுத்து ரெண்டு வருஷம் ஓட்டச் சொல்லுங்க. பேட்டரி ப்ராப்பும் விரலை வெட்டும், அதையும் சொல்லி வைங்க.

கேள்வி: தண்டையார்பேட்டை பையனுக்கு 91 வேணாம்னு தான் சொல்லுவீங்கன்னு தெரியும், பின்ன நீங்க மட்டும் போட்டீங்களே? (பேர் போடாத ஒருத்தர், வியாசர்பாடி)

பதில்: நான் போட்டது 61. சேத்துலருந்து எடுத்துக் கழுவி பேரிங் மாத்தினேன், இன்னும் ஓடுது, 60 சைஸ் பிளேன்ல.